ஃபைல் திறக்கவில்லை, சவுண்ட் தள்ளிப் போகிறது, கேட்டாலும் பதில் இல்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா என்று வீடியோ எடுத்து மிக்ஸிங் செய்து கொடுக்கும் நண்பர்கள் பலர் வீடியோவை வேறு வகைக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக், எடிட்டிங் செய்யும் ஷாட்கட், கேடென்லைவ், பதிவுக்கும் நேரலைக்கும் உதவும் ஓபிஎஸ் போன்ற திறமூல மென்பொருள்களுக்கு (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை) வந்திருக்கிறார்கள். எல்லாம் காசு கேட்காத, நேர்த்தியான மென்பொருள்கள். ஆனால் தகராறு வந்தால் போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது. முகம் தெரியாத தன்னார்வலர்களிடம் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பதில் வராது, வந்தாலும் பாதி புரியாது. அந்த எரிச்சலிலேயே திருட்டு மென்பொருளுக்குத் திரும்பிப் போனவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் விட்டுப்போன இடத்தில் பெரும்பாலும் தீர்வு பக்கத்திலேயே இருந்தது.

என்னிடம் திரும்பத் திரும்ப வரும் தகராறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் எடுக்க வேண்டிய இரண்டு

ஒன்று, மீடியாஇன்ஃபோ அறிக்கை. மீடியாஇன்ஃபோவும் திறமூல மென்பொருள்தான். வீடியோவை அதில் இழுத்துப் போட்டு, வியூ மெனுவில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபைலின் முழு ஜாதகமும் எழுத்தாக வரும். அதை அப்படியே காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, லாக், அதாவது மென்பொருள் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பு. ஹேண்ட்பிரேக்கில் ஆக்டிவிட்டி லாக் என்று இருக்கும். வீடியோ ஓட்டிப் பார்க்கும் விஎல்சியில் டூல்ஸ் மெனுவில் மெசேஜஸ். பல வீடியோ மென்பொருள்களுக்கு உள்ளே ஓடும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியை நேரடியாகக் கட்டளை கொடுத்து ஓட்டுபவர்கள், கட்டளையில் ரிப்போர்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் முழு லாகும் தனி ஃபைலாகச் சேமிக்கப்பட்டுவிடும்.

இந்த இரண்டும் இல்லாமல் யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும் சேர்த்துத்தான். எதிரில் இருப்பவருக்கு உங்கள் திரை தெரியாது. அதோடு, லாகைப் பொறுமையாகப் படித்தால் பல நேரம் கேட்க வேண்டிய அவசியமே வராது. எரர் என்ற சொல் முதன்முதலில் வரும் வரியைத் தேடுங்கள். கடைசி வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைசியில் வருவது விளைவு, முதலில் வருவதுதான் காரணம்.

## அறிகுறி: உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

முதல் கேள்வி: தள்ளிப் போகும் அளவு ஆரம்பத்திலும் முடிவிலும் ஒன்றா, போகப் போகக் கூடுகிறதா?

ஆரம்பம் முதல் ஒரே அளவு என்றால் எளிது. விஎல்சியில் ஜே, கே பட்டன்களை அழுத்திச் சவுண்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எத்தனை மில்லிசெகண்டில் பொருந்துகிறதோ, அதே அளவு எடிட்டிங்கில் ஆடியோவை நகர்த்தினால் முடிந்தது.

போகப் போகக் கூடுகிறது என்றால் மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் (விநாடிக்கு எத்தனை படம் என்பது நிலையானதா, மாறுவதா) என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்றிருந்தால் அது பெரும்பாலும் போனில் எடுத்தது, அல்லது வாட்ஸ்அப்பில் வந்தது. போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஃபிரேம் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை அழைப்பை மாமா போனில் எடுத்த கிளிப்பை மெயின் கேமராவோடு சேர்க்கும்போது இதுதான் நடக்கிறது. ஷாட்கட் இப்படிப்பட்ட கிளிப்பைப் போட்டவுடனே எடிட்டுக்கு ஏற்றதாக மாற்றவா என்று கேட்கும். அவசரத்தில் கேன்சல் செய்யாமல் சரி என்று சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கில் என்றால் வீடியோ டேபில் ஃபிரேம் ரேட்டை 25 அல்லது 30 என்று வைத்து, கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எடிட்டிங்குக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மிக்ஸிங் முடித்த பிறகு மாற்றிப் பயனில்லை.

கான்ஸ்டன்ட் என்றே காட்டினாலும் தள்ளிப் போகிறதா? அப்போது எவ்வளவு என்று அளந்து பாருங்கள், அளவே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 விநாடி என்றால், 29.97 ஃபிரேம் வீடியோவை எங்கோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. புராஜெக்ட் செட்டிங்கைத் திருத்துங்கள். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து ஃபிரேம் மட்டும் என்றால், தனி ரெக்கார்டரில் எடுத்த சவுண்ட். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துளி வித்தியாசத்தில் ஓடுகின்றன. இதற்கு மருந்து, சவுண்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அமைதியான இடத்தில் வெட்டிப் பொருத்துவது. நாதஸ்வரம் போய்க்கொண்டிருக்கும்போது வெட்டாதீர்கள், காதுக்குத் தெரிந்துவிடும். குரலே கனமாகவோ கீச்சென்றோ மாறியிருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் சவுண்டை 48 என்றோ, 48ஐ 44.1 என்றோ வாசிக்கிறது.

இவை எதுவும் இல்லாமல் திடீர் திடீரென்று நடுவில் தாவினால், கார்டு எழுதத் திணறியிருக்கிறது. வேறு கார்டில் அரைமணி நேரம் சும்மா ஓடவிட்டு எடுத்துப் பாருங்கள். அதிலும் தாவினால் கேமராவை சர்வீஸுக்குக் கொடுக்கும் நேரம்.

## அறிகுறி: தமிழ் எழுத்து சரியாக வரவில்லை

இங்கே நான்கு விதமான தகராறு உண்டு. நான்கும் வேறு வேறு. "தமிழ் வரவில்லை" என்று மட்டும் எழுதிக் கேட்டால், தமிழ் படிக்கத் தெரியாத தன்னார்வலருக்கு ஒன்றும் புரியாது. அதனால் இந்த வகையை நாமே பிரித்துவிட வேண்டும்.

கட்டம் கட்டமாக வருகிறது. ஃபான்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவுங்கள், இலவசம். விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். விஎல்சியில் பிரிஃபரன்ஸஸ், சப்டைட்டில்ஸ் பகுதியில் ஃபான்ட்டை மாற்றலாம்.

கேள்விக்குறியும் தலைகால் தெரியாத குறிகளும் வருகின்றன. சப்டைட்டில் ஃபைல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கப்படவில்லை, அல்லது வாசிக்கும் மென்பொருள் வேறு முறை என்று நினைக்கிறது. நோட்பேடில் திறந்து சேவ் ஆஸ் கொடுக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கில் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலைச் சேர்க்கும் இடத்திலும் கேரக்டர் கோடு என்று கேட்கும், அதிலும் அதுவே. நோட்பேடில் திறக்கும்போதே கேள்விக்குறியாக இருந்தால் எழுத்து ஏற்கெனவே அழிந்துவிட்டது. பழைய காப்பியைத் தேடுங்கள், இல்லையென்றால் மறுபடி டைப் அடிப்பதைத் தவிர வழியில்லை.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருகின்றன. அது பாமினி என்ற பழைய ஃபான்ட். நம் பக்கத்து மிக்ஸிங் கடைகளில் பழைய டைட்டில்கள் பெரும்பாலும் பாமினியில்தான் கிடக்கின்றன. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. ஃபான்ட்டை மட்டும் போட்டு ஓட்டிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அடுத்த கம்ப்யூட்டரில் அதே கதை. யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் உண்டு, ஒரேயடியாக மாற்றிவிடுங்கள்.

எழுத்து வருகிறது, கொம்பு இடம் மாறி நிற்கிறது. "பாடலீஸ்வரர் கோயில் தேரோட்டம்" என்று ஒரு டைட்டில் அடித்துச் சோதியுங்கள். தே, ரோ, கோ மூன்றிலும் கொம்பு மெய்க்கு முன்னால் வந்தால் எல்லாம் சரி. மெய்க்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை மென்பொருள் செய்யவில்லை. வீடியோ மேல் எழுத்துப் போடும் எஃப்எஃப்எம்பெக்கின் டிராடெக்ஸ்ட் ஃபில்டர் பழைய பதிப்புகளில் இப்படித்தான் சொதப்பும். அதோடு மல்லுக்கட்டாமல், ஏஜிசப் என்ற சப்டைட்டில் மென்பொருளில் எழுதி ஏஎஸ்எஸ் என்ற சப்டைட்டில் ஃபைலாக்கி, சப்டைட்டிலாகப் பதித்துவிடுங்கள். அந்த வழியில் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் தமிழை ஒழுங்காகச் சேர்த்துவிடும். கேடென்லைவிலும் ஷாட்கட்டிலும் டைட்டில் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

இந்த நான்காவது வகைத் தகராறுக்கு வெளி ஆட்களிடம் உதவி கேட்பதாக இருந்தால், சரியான வடிவத்தின் படத்தையும் தவறான வடிவத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். எது சரி என்று நாம் காட்டாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

## அறிகுறி: ஃபைலே திறக்கவில்லை, லாகில் மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்

முதலில் கையை எடுங்கள். அந்தக் கார்டில் இனி எதையும் எழுதாதீர்கள், ஃபார்மட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எம்பி4 ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்களும் போன்களும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கின்றன. லாகில் மூவ் ஆட்டம் என்று வருவது இந்த அட்டவணைதான். கரன்ட் போனாலோ பேட்டரி செத்தாலோ அது இல்லாமல் படம் மட்டும் கிடக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த சமயத்தில் இந்த அறிகுறியோடு வந்தவர்கள் அதிகம்.

சோதனைகள் இந்த வரிசையில்: கார்டில் உள்ள ஃபைலின் அளவும் கம்ப்யூட்டருக்கு வந்த ஃபைலின் அளவும் பைட் கணக்கில் ஒன்றா? இல்லையென்றால் காப்பிதான் பாதியில் நின்றிருக்கிறது. வேறு கார்டு ரீடரில் மறுபடி காப்பி எடுங்கள், இதிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அன்ட்ரங்க் என்ற திறமூலக் கருவி இருக்கிறது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டவணையை மறுபடி கட்ட முயலும். செட்டிங் துளி மாறினாலும் நடக்காது. எப்போதும் காப்பியின் மேல்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஃபைல் அழிந்தேபோயிருந்தால், அழிந்ததை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற கருவியை முயலலாம். பெரிய வீடியோக்கள் கார்டில் துண்டு துண்டாக இருந்தால் அது முழுதாக மீட்காது. ஹார்ட் டிஸ்க் என்றால், கிளிக் கிளிக் என்று சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுங்கள். சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு ரெக்கவரி ஆளிடம் போய்விட வேண்டும். அந்த டிஸ்கில் எந்த மென்பொருளையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது.

ஓபிஎஸ்ஸில் நேரலை விடுபவர்கள், ரெக்கார்டிங் ஃபார்மட்டை எம்கேவி என்ற ஃபைல் வகைக்கு மாற்றி வையுங்கள். நடுவில் கரன்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். 30.2 பதிப்பிலிருந்து ஹைப்ரிட் எம்பி4 என்ற வகையும் இருக்கிறது, அதுவும் இப்படித் தாங்கும்.

## அறிகுறி: கம்ப்யூட்டரில் ஓடுகிறது, டிவியில் ஓடவில்லை

பிரான்ஸில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பென்டிரைவில் கல்யாண வீடியோ கொடுத்தனுப்பும் புதுச்சேரிக் குடும்பங்களிடமிருந்து வரும் புகார் இது. அங்கே போய்த் திறக்காவிட்டால் எல்லோருக்கும் மனவருத்தம், அதனால் இங்கேயே பழைய டிவி ஒன்றில் போட்டுப் பார்த்து அனுப்புங்கள்.

மீடியாஇன்ஃபோவில் 4:2:2 என்றோ 10 பிட்ஸ் என்றோ (இரண்டும் நிறத்தைக் கூடுதல் நுணுக்கமாகப் பதியும் முறைகள்), ஹெச்இவிசி என்றோ (வீடியோவைச் சுருக்கும் புது முறை) இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஹேண்ட்பிரேக்கில் ஃபாஸ்ட் 1080பி30 என்ற பிரீசெட்டைப் போட்டு மாற்றினால் அநேகமாக எந்த டிவியும் வாசிக்கும். ஃபைலே பென்டிரைவில் ஏறவில்லை என்றால், பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி வரும். அந்த அளவில் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுப்பது பாதுகாப்பு.

## அறிகுறி: ரெண்டர் நத்தையாக நகர்கிறது, அல்லது எடிட்டிங்கில் திக்குகிறது

திக்கினால் பிராக்ஸியை (எடிட்டிங்கின்போது மட்டும் பயன்படும் சிறிய காப்பி) ஆன் செய்யுங்கள். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் உண்டு. ரெண்டர் மட்டும் மெதுவாக இருந்தால் பிரீசெட் ஸ்லோவில் இருக்கிறதா, லேப்டாப் சார்ஜரில் இருக்கிறதா என்று பாருங்கள். கத்திரி வெயிலில் மட்டும் இப்படி என்றால் சூடு. ஃபேனைத் திறந்து தூசி எடுக்கக் கொடுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

## அறிகுறி: உதவி கேட்டேன், பதிலே வரவில்லை

இதையும் ஒரு பழுதாகவே எடுத்து, காரணங்களைப் பார்த்துவிடலாம்.

கேள்வியில் ஒன்றும் இல்லை. வேலை செய்யவில்லை என்ற ஒரு வரியும், போனில் எடுத்த சாய்ந்த படமும். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நான்கு வரி எழுதுங்கள்: என்ன வேண்டும், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு எந்த இயங்குதளம். கீழே லாக் முழுதாக, எழுத்தாக. ஆங்கிலம் உடைந்திருந்தால் பரவாயில்லை. லாக் நல்லதாக இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

லாகை வெட்டியிருக்கிறீர்கள். எரர் வரியை மட்டும் ஒட்டினால் முழுதாகப் போடு என்று ஒரு வரி பதில் வரும், கோபம் வரும். எஃப்எஃப்எம்பெக்கில் முதல் சில வரிகளில்தான் பதிப்பு எண்ணும், எதையெல்லாம் சேர்த்துக் கட்டியது என்பதும் இருக்கிறது. ஹைட் பேனர் என்ற விருப்பம் போட்டிருந்தால் அந்த வரிகள் மறைந்துவிடும். கேட்கும் சமயத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

மாதிரி வீடியோ இல்லை. பத்து விநாடி போதும். லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் தரம் மாறாமல் வெட்டலாம். ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்தை ஒருபோதும் பொதுவில் போடாதீர்கள். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது அது. அதே கேமரா, அதே செட்டிங்கில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையை எடுத்து, அதிலும் பழுது வருகிறதா என்று பார்த்து அதை அனுப்புங்கள்.

தப்பான இடம். ஷாட்கட்டும் கேடென்லைவும் எம்எல்டி என்ற அடித்தளத்தின் மேல் நிற்கின்றன, எம்எல்டி எஃப்எஃப்எம்பெக்கைப் பயன்படுத்துகிறது. அதனால் ஒருவர் எங்கள் வேலை இல்லை என்று அடுத்தவரிடம் அனுப்புவார், அவர் இன்னொருவரிடம். இந்த அலைச்சலைத் தவிர்க்க, அதே கிளிப்பை எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்பிளேயில் ஓட்டுங்கள். அங்கேயும் கெட்டால் எஃப்எஃப்எம்பெக் பக்கம் கேளுங்கள். அங்கே நன்றாக ஓடினால் எடிட்டர் பக்கம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அமைதி என்றால், ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். அவர்கள் சம்பளம் வாங்காமல், தங்கள் வேலை முடிந்த இரவில் பதில் சொல்பவர்கள்.

## அறிகுறி: பழைய பதிப்பு, முதலில் மாற்று என்று சொல்கிறார்கள்

அலட்சியமாகச் சொல்வது போலத் தெரியும், நியாயம் இருக்கிறது. லினக்ஸ் வகையான உபுண்டு 22.04 கொடுக்கும் எஃப்எஃப்எம்பெக் 4.4, அது 2021இல் வந்தது. அதற்குப் பிறகு சரிசெய்த பழுதை மறுபடி தேட யாருக்கும் மனம் வராது. சிஸ்டத்தில் இருப்பதைக் கலைக்க வேண்டியதில்லை. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இணைப்புக் கொடுக்கப்பட்ட, ஓட்டத் தயாரான பதிப்பை இறக்கித் தனி ஃபோல்டரில் வைத்து ஓட்டலாம். கேடென்லைவுக்கு ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றை ஃபைல்) போதும். லினக்ஸில் ஹேண்ட்பிரேக் குழு அதிகாரப்பூர்வமாக வெளியிடுவது ஃபிளாட்பேக் (மற்ற ஃபைல்களைத் தொட அனுமதி கேட்கும் தனிப் பொதி) மட்டும்தான். வேறு வழியில் நிறுவியதற்கு அவர்கள் உதவி செய்யமாட்டார்கள். ஃபிளாட்பேக்கில் பென்டிரைவ் தெரியவில்லை என்றால் அது பழுது இல்லை, அனுமதி கொடுக்கவில்லை.

## அறிகுறி: சொன்ன கட்டளையை அப்படியே போட்டேன், எரர் வருகிறது

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ ஒட்டி எடுத்திருந்தால் மேற்கோள் குறிகள் வளைந்தவையாக மாறியிருக்கும், சின்னக் கோடு நீளக் கோடாகியிருக்கும். கையால் அழித்து மறுபடி அடியுங்கள். அடுத்து, ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் பெயரை மேற்கோளுக்குள் வையுங்கள். அப்புறம் வரிசை: எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு விருப்பம் அதற்கு அடுத்து வரும் ஃபைலுக்குத்தான் பொருந்தும். இடம் மாறினால் பொருளே மாறிவிடும். கடைசியாக, கட்டளை பழசாக இருக்கலாம். உதாரணமாக, ஃபிரேம்களின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் விசிங்க் என்ற விருப்பத்தின் இடத்தில் 5.1 பதிப்பிலிருந்து எஃப்பிஎஸ் மோட் வந்துவிட்டது. ஏஐ சாட்களிடம் கேட்டு வாங்கிய கட்டளைகளில் இல்லாத விருப்பங்களையே பார்த்திருக்கிறேன். எஃப்எஃப்எம்பெக்கின் ஹெல்ப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிவிட்டு ஓட்டுங்கள்.

## எப்போது ஆளைத் தேட வேண்டும்

தமிழிலேயே கேட்க வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஜிஎன்யூ லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, புதுச்சேரியில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்ட்வேர் மூவ்மென்ட் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம் இணைய இதழில் தேடினால் அடிப்படைகள் பல கிடைக்கும். இவர்களிடம் போகும்போதும் மீடியாஇன்ஃபோ அறிக்கை, லாக் இரண்டும் கையில் இருக்கட்டும்.

டெலிவரிக்கு நாள் நெருங்கிவிட்டது, வருமானமே இதில்தான் என்றால் காசு கொடுத்துக் கேட்பதில் தப்பில்லை. எஃப்எஃப்எம்பெக் தளத்திலேயே கட்டணத்துக்கு வேலை செய்துகொடுக்கும் ஆலோசகர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு.

கார்டு, டிஸ்க் சம்பந்தப்பட்ட பழுது என்றால் ரெக்கவரி ஆள். கொடுக்கும் முன் எந்தக் கேமரா, எந்த செட்டிங், எந்தத் தேதி, நீங்கள் ஏற்கெனவே எந்தக் கருவியை ஓட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். மீட்ட ஃபைல்களின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒன்றிரண்டை நடுவிலிருந்து ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணம் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அசல் கார்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.